நிலக்கரியோட உமியும் கடலைத்தோலும்: எங்க 6 டன் எஃப்பிசி பாய்லர், மூணு வருஷம் ஓட்டினதுக்கு அப்புறம்

பாய்லர் வாங்கப் போறவங்களுக்கு தமிழ்ல ஒரு உருப்படியான ரிவ்யூ கிடைக்கிறதே இல்லைங்க. செல்போனுக்கு ஆயிரம் ரிவ்யூ இருக்கு, கோடிக்கணக்குல காசு போடுற பாய்லருக்கு சேல்ஸ்காரர் குடுக்கிற வழவழ பேப்பர் மட்டும்தான் இருக்கு. நான் பெருந்துறை பக்கம் ஒரு டையிங் யூனிட்ல யுட்டிலிட்டி பாத்துக்கிறவன், பாய்லர், கம்ப்ரசர், தண்ணி எல்லாம் என் பொறுப்பு. மூணு வருஷமா எங்ககிட்ட 6 டன் எஃப்பிசி (ஃப்ளூயிடைஸ்டு பெட் கம்பஷன், காத்துல மெதக்கிற சூடான கல்லுக்குள்ள எரிக்கிறது) பாய்லர் ஓடுது, நிலக்கரியும் விவசாயக் கழிவும் சேர்த்துப் போடுற மாடல். கம்பெனி பேர் சொல்ல மாட்டேன், ஏன்னா இதே டிசைன நாலஞ்சு பேர் பண்றாங்க, நான் சொல்லப் போற நல்லது கெட்டது இந்த வகை மெஷினுக்கே உரியது.

மொதல்லயே மார்க் சொல்லிடறேன், 5க்கு 4. அந்த ஒரு மார்க் எங்க போச்சுன்னுதான் மீதி முழுக்க எழுதிருக்கேன், பொறுமையா படிங்க.

எங்க தொழிலுக்கு ஸ்டீம் ஏன் இவ்வளவு முக்கியம்னு வெளியூர்க்காரங்களுக்கு ஒரு வார்த்தை. சாயம் ஏத்தறதுக்கும் துணி காய வைக்கிறதுக்கும் ஸ்டீம் வேணும், அது எப்பவும் இருக்கிறது. 2011 ஜனவரில திருப்பூர் சாயப்பட்டறைகள மூடச் சொல்லி சென்னை ஹைகோர்ட் உத்தரவு போட்டுச்சு இல்லைங்களா, அதுக்கப்புறம் ஒரு சொட்டு கழிவுத்தண்ணி வெளிய விடாம ஓட்டினாதான் தொழில்னு ஆகிப்போச்சு. ஆர்ஓல கழிஞ்சு வர்ற உப்புத்தண்ணிய கொதிக்க வச்சு வத்த வைக்கிற எவாப்பரேட்டருக்கு ராத்திரி பகல்னு இல்லாம ஸ்டீம் போய்க்கிட்டே இருக்கணும். நொய்யல் ஆறு நல்லா இருக்கணும்னா அது ஓடித்தான் ஆகணும், அதுல எனக்கு மாத்துக்கருத்தே கிடையாது. ஆனா அந்த ஸ்டீமுக்கு எதை எரிக்கிறோம்ங்கறது அடுத்த கேள்வியா வந்து நிக்குது. ஆத்த காப்பாத்தறதுக்கு வானத்துல கரியை அள்ளி வீசிட்டு இருந்தா அது எப்படி சரியா வரும்? அந்த எண்ணத்துலதான் உமி பக்கமே போனோம், காசு மிச்சம் ஆகுங்கறது ரெண்டாவது காரணம்.

வாங்கும்போது ஏமாறாம இருக்க ஒரு விஷயம். 6 டன்னு சொன்னா மணிக்கு 6 டன் ஸ்டீம் வரும்னு நெனச்சுக்காதீங்க. அந்த 6 டன் 100 டிகிரில தண்ணி உள்ள போய் 100 டிகிரில ஆவியா வெளிய வர்ற கணக்கு, அதுக்கு கிலோவுக்கு 540 கிலோகலோரி போதும் (எங்க பேச்சுல சும்மா கலோரின்னுதான் சொல்வோம்). நம்ம பாய்லர் 10.54 கிலோ பிரஷர்ல ஓடுது, தண்ணி 60 டிகிரில உள்ள போகுதுன்னா கிலோவுக்கு 600 கலோரிக்கு மேல ஆகும், அப்போ கைக்கு வர்றது 5.3, 5.4 டன்தான். கண்டன்சேட்ட, அதாவது ஸ்டீம் சூடு குடுத்துட்டு ஆறி வர்ற தண்ணிய, ஒழுங்கா திருப்பி கொண்டு வந்து ஃபீட் டேங்க்ல சேத்தீங்கன்னா இது ஏறும். எங்க லைன்ல பாதி கண்டன்சேட் சாக்கடைல போய்ட்டு இருந்துச்சு, அதை புடிச்சு கொண்டு வந்ததே ஒரு புது பாய்லர் வாங்கின மாதிரி இருந்துச்சு.

சரி, மெஷினுக்கு வருவோம். பழைய கிரேட் பாய்லர்ல கம்பி மேல விறகோ கரியோ கிடந்து எரியும். எஃப்பிசில அப்படி கிடையாது. அடில ஒரு தட்டு, அதுல வரிசையா நாசில், அதுக்கு மேல ஒரு அடி உயரத்துக்கு ஒண்ணு ரெண்டு மில்லி சைஸ்ல நொறுக்கின ஃபயர் பிரிக் கிடக்கும், அதைத்தான் பெட்டுன்னு சொல்றோம். காத்த உள்ள தள்ளற எஃப்டி ஃபேனோட காத்து கீழ இருந்து நாசில் வழியா ஏறும்போது அந்தக் கல்லு மொத்தமும் தண்ணி மாதிரி ஆகிடும். பாக்கிற ஓட்டைல நீலக்கண்ணாடி வச்சு பாத்தா, சோத்து உலை தளபுளான்னு கொதிக்கிற மாதிரியே இருக்குங்க, ஆனா கொதிக்கிறது செக்கச்செவேல்னு 850 டிகிரில இருக்கிற கல்லு. அங்கங்க குமிழி வெடிச்சு ஒரு கை கல்ல மேல வீசும், அது திரும்ப விழுந்து கலந்துடும். மூணு வருஷமா தினமும் பாக்கிறேன், இன்னும் ஒரு நிமிஷம் நின்னு பாக்காம வர முடியல. அந்தக் கொதிக்கிற கல்லுக்குள்ள நூறுல ரெண்டு மூணு பங்குதான் எரிபொருள் இருக்கும், மீதி எல்லாம் வெறும் சூடான கல்லு. அதனாலதான் ஈரமான சரக்கு, சாம்பல் அதிகமான சரக்கு, லேசான சரக்கு எது விழுந்தாலும் அந்த சூட்டுல உடனே பத்திக்குது. 1922லயே ஜெர்மனில விங்க்ளர்னு ஒருத்தர் இப்படி மெதக்கிற பெட்ட வச்சு கரில இருந்து கேஸ் எடுக்க காப்புரிமை வாங்கிருக்கார், அந்த யோசனைதான் சுத்தி சுத்தி நம்ம ஷெட்டுக்கு வந்துருக்கு. நெய்வேலில ரெண்டு 250 மெகாவாட் யூனிட் இதோட அண்ணன் மாதிரியான டிசைன்ல பழுப்பு நிலக்கரிய எரிக்குது, அதுல பெட்டே சுத்தி சுத்தி வரும், நம்மளுது ஒரே இடத்துல கொதிக்கிற வகை.

இன்னொரு நல்லதையும் சொல்லணும். பெட்டு 850ல நிக்கிறதால காத்துல இருக்கிற நைட்ரஜன் எரிஞ்சு புகையா போறது ரொம்ப கம்மி. கந்தகம் ஜாஸ்தியான கரி வந்தா சுண்ணாம்புக்கல் பொடி கொஞ்சம் சேத்தா பெட்டுக்குள்ளயே புடிச்சு வச்சுக்கும், அந்த வேலைக்கும் இதே சூடுதான் சரியான சூடு. உமில கந்தகம் கிட்டத்தட்ட கிடையாது. இதுல எல்லாம் மெஷின் சொன்ன சொல்ல காப்பாத்துது.

இப்போ பிரச்சனைக்கு வர்றேன். "எந்த எரிபொருள் வேணும்னாலும் போடலாம் சார்"னு சேல்ஸ்காரர் சொல்வார். அந்த வார்த்தையை அப்படியே நம்பினா மாட்டிக்குவீங்க. எங்களுக்கு "30 சதவீதம் உமி தாராளமா போகும்"னு சொன்னாங்க. எந்த 30ன்னு நாங்க கேக்கல. இந்தக் கணக்க ஒரு தடவை உக்காந்து போட்டு பாருங்க. எங்களுக்கு ஒரு நாளைக்கு 120 டன் ஸ்டீம் வேணும், இந்தோனேசியா கரி 4200 கலோரி சரக்கு மட்டும் போட்டா சுமார் 22ல இருந்து 24 டன் ஆகும், 24ன்னே வச்சுக்குவோம். அதுல சூட்டுக்கணக்குல 30 சதவீதத்த உமிக்கு மாத்தறோம். உமி கிலோவுக்கு 3100 கலோரிதான், அப்போ பத்து டன் உமி வேணும். எடைல பாத்தா அது 37 சதவீதம். இதுவரைக்கும் சரி. ஆனா உமி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோதான் நிக்கும், கரி 800 கிலோ நிக்கும். பத்து டன் உமி 100 கன மீட்டர், மீதி 17 டன் கரி வெறும் 21 கன மீட்டர். அதாவது ஷெட்லயும் கன்வேயர்லயும் பங்கர்லயும் (சரக்கு நிரப்பி வைக்கிற தொட்டி) நூத்துல எண்பது பங்குக்கு மேல உமிதான் நிக்குது, சூடு குடுக்கிறது முப்பது. எங்களுக்கு குடுத்த பங்கரும், அதுல இருந்து சரக்க உள்ள தள்ளற ஃபீடரும் கரிக்கு கணக்கு போட்டது. மொதல் மூணு மாசம் உமி ஃபீடர் முழு ஸ்பீடுல சுத்தினாலும் போதலை, பங்கருக்குள்ள உமி வளைவு கட்டி நின்னுக்கும், கீழ வெறும் ஓட்டை, ஒருத்தர் கம்பிய வச்சு குத்திக்கிட்டே நிக்கணும். அப்புறம் தனி உமி பங்கர், சரிவு ஜாஸ்தியா வச்சு, அடில ரெண்டு ஸ்க்ரூ போட்டோம், அது எங்க செலவு. ஆர்டர் போடும்போதே இதைக் கேட்டிருந்தா விலைக்குள்ள வந்திருக்கும். அந்த ஒரு மார்க்குல பாதி இங்க போச்சு.

அடுத்தது எங்க எரியுதுங்கறது. கரி கனமானது, பெட்டுக்குள்ள முங்கி எரியும், அதனால பெட்டுக்குள்ளயே ட்யூப் காயில் ஓட விட்டு சூட்ட வாங்கிக்கிறாங்க, வாங்கலைன்னா பெட்டு சூடு ஏறி கல்லு கட்டிப்புடும். உமி, கடலைத்தோல் எல்லாம் லேசு, பாதிக்கு மேல ஆவியா கிளம்பற சரக்கு வேற, பெட்டு மேல விழறதுக்குள்ளயே பத்திக்கிட்டு மேல போய் எரியும். அப்போ மேல சூடு ஏறுது, கீழ பெட்டுல ட்யூப் சூட்ட உறிஞ்சிக்கிட்டே இருக்கு, போடற சரக்கு கீழ எரியல, பெட்டு 850ல இருந்து 780, 740ன்னு இறங்கிட்டே போகும். ஆபரேட்டர் பயந்து உமிய இன்னும் கூட்டுவாப்ல, அது இன்னும் மேல போய் எரியும், எரியாத பொறி, புகைல இருக்கிற தூசிய வடிகட்டற துணிப்பை (பேக் ஃபில்டர்) வரைக்கும் போகும். எங்களுக்கு ஒரு வரிசை பேக்ல ஓட்டை விழுந்தது இப்படித்தான். இதுக்கு மருந்து ரொம்ப சிம்பிள், பெட்டு இறங்கினா கரிய கூட்டணும், உமிய குறைக்கணும், மேல விடற ரெண்டாவது காத்த கூட்டணும். பெட்ட புடிச்சு நிறுத்தறது கரியோட வேலை, மேல சூடு குடுக்கிறது உமியோட வேலைன்னு ஃபயர்மேனுக்கு (பாய்லர்ல நெருப்ப பாத்துக்கிறவர்) மனசுல பதிஞ்சிட்டா பாதி தொல்லை தீர்ந்துச்சு. மேல போய் எரியறதுக்கு இடம் வேணும்ங்கறதால பெட்டுக்கு மேல ஃபர்னஸ் உயரம் எவ்வளவுன்னு பாத்து வாங்குங்க, ரெண்டாவது காத்துக்கு நாசில் இருக்கான்னு பாருங்க. டன் கணக்க விட இது முக்கியம்னு நான் சொல்வேன்.

இனி அந்த ராத்திரி. வாங்கின ரெண்டாவது வருஷம் ஐப்பசி மாசம், மழை விடாம புடிச்சுக்கிச்சு, உமி வரத்து நின்னுபோச்சு. ஒரு சப்ளையர் கடலைத்தோல்னு ரெண்டு லோடு இறக்கினார், கடலைக்காய உடைச்சதும் வர்ற மேல் ஓடுதான், நாங்க எப்பவும் வாங்கற சரக்குதான். ஆனா அந்த லோடு கொஞ்சம் பொடியா, செம்பழுப்பா, கைல எடுத்தா பஞ்சு மாதிரி இருந்துச்சு. தேங்காய் நார்க்கழிவு கலந்திருந்தது. கரி ஸ்டாக்கும் கம்மியா இருந்ததால அன்னிக்கு கரிய கால் பங்குக்கு குறைச்சு இதைத் தள்ளிட்டோம். ராத்திரி ஒரு மணிக்கு ஃபயர்மேன் அண்ணா போன் பண்றார், "தம்பி, ரெண்டு தெர்மோகப்பிளும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரல, ஒண்ணு 930 காட்டுது இன்னொண்ணு 690 காட்டுது, நீங்க வாங்க"ன்னு. தெர்மோகப்பிள்னா பெட்டு சூட்ட அளக்கிற சென்சார். நான் போறதுக்குள்ள நாசிலுக்கு கீழ இருக்கிற காத்துப்பெட்டி பிரஷர் (தண்ணி உயரக் கணக்குல) 430 மில்லில இருந்து விழுந்து ஆடிக்கிட்டு இருந்துச்சு. பாக்கிற ஓட்டைல பாத்தேன், கொதிப்பே இல்ல. ஒரு மூலைல மட்டும் காத்து பீச்சி அடிக்குது, மீதி எல்லாம் அசையாம மினுமினுன்னு கெடக்கு. "அண்ணா, ஃபீடர நிறுத்திட்டீங்களா?"ன்னு கேட்டேன். "நிறுத்தி அஞ்சு நிமிஷம் ஆச்சு தம்பி, கம்பி விட்டா டங்குன்னு சத்தம் வருது"ன்னார்.

ஆற வச்சு மேன்ஹோல் திறக்கவே மறுநாள் சாயங்காலம் ஆச்சு. உள்ள இறங்கி கடப்பாறையால பேத்து எடுத்தோம், பனங்காய் சைஸ்ல இருந்து அம்மிக்கல் சைஸ் வரைக்கும் கட்டி. ஒரு கட்டிய உடைச்சு வெளிச்சத்துல வச்சு பாத்தேன், உள்ள நம்ம போட்ட கல்லு ஒவ்வொண்ணா தெரியுது, அதுங்கள சுத்தி பாட்டில் கண்ணாடி மாதிரி பச்சையா பளபளன்னு ஒரு பூச்சு, கடலை மிட்டாய்ல வெல்லப்பாகு கடலைய புடிச்சு வச்சிருக்குமே அதே மாதிரி. நாப்பது நாசில் அடைச்சுப் போச்சு, ஒவ்வொண்ணா கம்பி விட்டு குத்தி எடுத்தோம். மூணு நாள் உற்பத்தி நின்னுச்சு. எவாப்பரேட்டர் நின்னதால தண்ணி டேங்க் ரொம்பி, டையிங்கே நிறுத்த வேண்டியதா போச்சு.

ஏன் இப்படி ஆச்சுன்னு அப்புறம் விசாரிச்சு படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். செடில இருந்து வர்ற எல்லாத்துலயும் பொட்டாசியம் இருக்கும், அது செடிக்கு உரம், நமக்கு எமன். தனி மணல் உருகறதுக்கு 1700 டிகிரி வேணும், ஆனா பொட்டாசியத்தோட சேந்துட்டா 800க்கு கீழயே இளகிடும், நம்ம பெட்டு ஓடறது 850ல. இளகினது ஒவ்வொரு கல்லு மேலயும் பசை மாதிரி படியும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டும், கட்டி பெருசாகும், காத்து ஏறாது, காத்து ஏறலைன்னா சூடு ஒரே இடத்துல தங்கி இன்னும் உருகும். தேங்காய் நார்க்கழிவுல பொட்டாசியமும் ஜாஸ்தி, குளோரினும் ஜாஸ்தி. உமில பொட்டாசியம் கம்மி, அதனால கரியோட உமி மட்டும் சேத்து போட்டப்போ எங்களுக்கு இந்தத் தொல்லை வரவே இல்லை.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் என்னன்னா, இந்த நோய்க்கு மருந்தே கரிதான். கரிச் சாம்பல்ல இருக்கிற களிமண் சத்து பொட்டாசியத்த புடிச்சு இளகாத பொருளா மாத்திடுது, கரில இருக்கிற கந்தகம் பொட்டாசியம் குளோரைட சல்ஃபேட்டா மாத்திடுது, அது ட்யூப்ப அவ்வளவா அரிக்காது. நாங்க எல்லாரும் கரிய குறைக்கிறதுதான் நல்லதுன்னு நெனச்சு ஓட்டினோம், குறைக்கிறது நல்லதுதான், ஆனா ஒரு அளவுக்கு கீழ போனா காவலுக்கு நிக்கிற ஆளையே வேலைய விட்டு அனுப்பின மாதிரி ஆயிடுது. கரியும் கழிவும் சேந்து எரியறதுக்கு விலை மட்டும் காரணம் இல்லை, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு குறைய தீத்துக்குது. உமி கரியோட கந்தகத்த குறைக்குது, கரி கழிவோட பொட்டாசியத்த கட்டுது. இதை எந்த சேல்ஸ்காரரும் எங்ககிட்ட சொல்லல, சொல்லிருக்கணும்.

இதுலயும் இந்தோனேசியா கரி, நம்ம நாட்டுக் கரினு வித்தியாசம் இருக்கு. நாட்டுக் கரில சாம்பல் 35, 40 சதவீதம், அது பெட்ட தானாவே நிரப்பிக்கும், களிமண் சத்தும் நெறய. தூத்துக்குடில இறங்கற இந்தோனேசியா சரக்குல சாம்பல் ரொம்ப கம்மி, ஈரம் ஜாஸ்தி, பெட்டு கல்லு நாளாக நாளாக தேஞ்சு குறைஞ்சுக்கிட்டே போகும், நாமதான் அளந்து போடணும். போடும்போது ஆத்து மணல் கிடைக்குதுன்னு தயவு செஞ்சு அதைப் போட்றாதீங்க, அதுல பெரும்பங்கு சிலிக்கா, பொட்டாசியம் தேடற ஜோடியே அதுதான். நொறுக்கின ஃபயர் பிரிக், அலுமினா ஜாஸ்தி இருக்கிறது, அதையே வாங்குங்க, விலை கூடத்தான், ஆனா மூணு நாள் நிக்கிறத விட கம்மி.

இப்போ சரக்குங்களப் பத்தி. எனக்கு பிடிச்சது கடலைத்தோல், கலோரி 4000 பக்கம், சாம்பல் கம்மி, காஞ்சதா வரும், திண்டிவனம் திருவண்ணாமலை பக்கம் இருந்து சீசன்ல நல்லா கிடைக்கும். ஒரே குறை களத்துல கூட்டி அள்ளும்போது மண்ணு சேந்து வரும். நான் லோடு வந்ததும் ஒரு பக்கெட் தண்ணில ரெண்டு கை போட்டு பாப்பேன், தோல் மெதக்கும், மண்ணு அடில நிக்கும், அங்கயே தெரிஞ்சிடும். உமி காங்கேயம் ரைஸ்மில்லுங்கள்ல இருந்து வருது, பக்கம்கறதால வண்டி வாடகை மிச்சம், ஆனா பிராய்லர் கோழிப்பண்ணைக்காரங்களும் கீழ பரப்பறதுக்கு இதையே கேக்கிறாங்க, போட்டில விலை ஏறும். முந்திரி ஓடு பண்ருட்டில இருந்து வாங்கினோம், கலோரி அருமை, ஆனா எண்ணெய் எடுக்காத ஓடு போட்டா சிம்னில கருப்புப் புகை, எக்கனாமைசர் (போற புகைச் சூட்டுல ஃபீட் தண்ணிய சூடாக்கறது) ட்யூப்ல தார் மாதிரி படியுது, அள்ளிப் போடற பசங்களுக்கு கை தோல் உரிஞ்சு போச்சு. அதை பாத்ததுக்கு அப்புறம் எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு மட்டும்தான், அதுவும் பத்துல ஒரு பங்கு, க்ளவுஸ் போடாம யாரையும் தொட விடறது இல்லை. சீமைக்கருவேல சிப்ஸ் நல்லாவே எரியுது, ஆணி கம்பி இல்லாம வந்தா சரி.

சாம்பல். இதைப் பத்தி வாங்கறதுக்கு முன்னாடி யாரும் யோசிக்கிறதில்ல. உமில ஆறுல ஒரு பங்கு சாம்பல், சில சமயம் அஞ்சுல ஒரு பங்கு. பத்து டன் உமின்னா ஒரு நாளைக்கு ரெண்டு டன் பக்கம் சாம்பல் அதுல மட்டும், கரில இருந்து ஒரு டன் கூட வராது. அந்த உமிச்சாம்பல் தொண்ணூறு சதவீதம் சிலிக்கா, பாக்க பஞ்சு மாதிரி லேசா இருக்கு, ஆனா அது மணல்காகிதம். புகைய வெளிய இழுக்கிற எங்க ஐடி ஃபேனோட இம்பெல்லர் (சுத்தற இறக்கை) ரெண்டு வருஷத்துல ஓரம் கத்தி மாதிரி தேஞ்சு வைப்ரேஷன் வந்துருச்சு, மாத்திட்டு இப்போ கடினமான ஓவர்லே அடிச்சு போட்டிருக்கோம். புகைய சுழல விட்டு சாம்பல பிரிக்கிற மல்டி சைக்ளோன்ல கோனும் ஒண்ணு ஓட்டை. சாம்பல் நிறத்த தினமும் பாருங்க, வெள்ளையா சாம்பக்கலர்ல இருந்தா நல்லா எரிஞ்சிருக்கு, கருப்பா இருந்தா உங்க காசு மூட்டைல போகுது. கருப்பு சாம்பல செங்கல் சூளைக்காரர் கூட வேண்டா வெறுப்பாத்தான் எடுப்பார்.

காசு விஷயம். விலைய எழுதினா அடுத்த மாசமே பழசாகிடும், அதனால கணக்கு போடற முறைய சொல்றேன். கிலோ விலைய பாக்காதீங்க, ஆயிரம் கலோரிக்கு எத்தனை ரூபாய்னு பாருங்க, ஈரத்த கழிச்சுட்டு. அப்புறம் ஸ்டீம் டு ஃப்யூல் ரேஷியோ, ஒரு கிலோ சரக்குக்கு எத்தனை கிலோ ஸ்டீம். எங்களுக்கு கரி மட்டும் ஓட்டினா அஞ்சரை பக்கம் வருது, உமி தனியா கணக்கு போட்டா நாலுக்கு கொஞ்சம் கீழ. மழைக்காலத்துல நனைஞ்ச உமி மூணு கூட தராது, எடைல தண்ணி சேந்துடுது, அதை வத்த வைக்கவும் சூடு போயிடும். அதனால புரட்டாசி பொறக்கறதுக்கு முன்னாடி ஷெட்டுக்கு பக்கச்சுவர் மூடி சரக்கு அடுக்கிடணும். இந்தோனேசியா கரியையும் மலை மாதிரி குவிச்சு வைக்காதீங்க, தானா உள்ளுக்குள்ள புகைய ஆரம்பிச்சிடும், பழசு முதல்ல போகணும். இதையெல்லாம் ஒழுங்கா பண்ணினா வருஷக்கணக்குல பாக்கும்போது கரி மட்டும் ஓட்டறத விட எங்களுக்கு மிச்சம்தான், பங்கர், இம்பெல்லர் செலவு எல்லாம் சேத்து பாத்தும் மிச்சம்.

கம்பெனி சர்வீஸ் சுமார். கமிஷனிங்க்கு வந்த பையன் தங்கம், ராத்திரி மூணு மணி வரைக்கும் கூட நின்னு மரக்கரி பரப்பி பத்த வைக்கிறதுல இருந்து லோடு ஏத்தறது வரைக்கும் சொல்லிக் குடுத்தார். அதுக்கப்புறம் ஸ்பேருக்கு போன் பண்ணினா மெயில் போடுங்கம்பாங்க, மெயில் போட்டா கொட்டேஷன் வர பத்து நாள். நாசிலும் தெர்மோகப்பிளும் முதல்லயே கூடுதலா வாங்கி வச்சுக்கங்க. பேனல், பிஎல்சி (தானா ஓட்டற கண்ட்ரோல்) எல்லாம் குறை சொல்ல ஒண்ணுமில்ல. லோடு கம்மியாகும்போது பெட்டுல ஒரு பாதிய மட்டும் அணைச்சு வைக்கலாம், ஞாயித்துக்கிழமைல ரொம்ப உதவியா இருக்கு.

யார் வாங்கலாம்னா, மணிக்கு நாலு டன்னுக்கு மேல தொடர்ந்து ஸ்டீம் வேணும், மூணு நாள் உமி வைக்க 300 கன மீட்டர் காஞ்ச இடம் இருக்கு, சர்டிஃபிகேட் உள்ள அனுபவப்பட்ட ஆபரேட்டர் ஷிஃப்டுக்கு ஒருத்தர் இருக்கார்னா தைரியமா வாங்கலாம். ஒரு டன் ரெண்டு டன் தேவைக்கு, அதுவும் விட்டு விட்டு ஓட்டறவங்களுக்கு இது வேண்டாம், பத்த வைக்கவே ரெண்டு மணி நேரம் ஆகும். டர்பைன் வச்சு கரண்ட்டும் எடுக்கப் போறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், அவங்க ஸ்டீம இன்னும் சூடேத்தற சூப்பர்ஹீட்டர் ட்யூப் 450 டிகிரிக்கு மேல இருக்கும், குளோரின் அங்கதான் அரிக்கும், நம்ம மாதிரி சாதா ஸ்டீம்காரங்களுக்கு அது அவ்வளவா இல்லை.

கரியே வேண்டாம்னு ஒரு நாள் வரும், அதுவும் தெரியும். ஐநா ஃபேஷன் சார்ட்டர்ல கையெழுத்து போட்ட பிராண்டுங்க சப்ளையர்கிட்ட 2030க்குள்ள கரிய நிறுத்தணும்னு சொல்லிருக்காங்க, எங்க பையர் ஆடிட்டருங்க இப்பவே மாசாமாசம் எத்தனை டன்னு கேட்டு எழுதிக்கிறாங்க. பெரிய அனல்மின் நிலையங்களுக்கும் விவசாயக்கழிவு பெல்லட்ட 5 சதவீதம் கலக்கணும்னு மத்திய அரசு 2021லயே கொள்கை போட்டுருச்சு. அதனால புதுசா வாங்கறவங்க பெட்டுக்குள்ள இருக்கிற காயில பின்னாடி பாதி கழட்டறதுக்கு வழி இருக்கான்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கங்க, முழுசா உமிக்கு மாறும்போது காயில குறைக்காம பெட்ட சூடா வைக்க முடியாது. நாங்க இப்போ சூட்டுக்கணக்குல 40 சதவீதம் உமியும் கடலைத்தோலும் போடறோம், பெட்டு 830ல நிக்குது, ரெண்டு தெர்மோகப்பிளுக்கும் 50 டிகிரிக்கு மேல வித்தியாசம் வந்தா அலாரம் அடிக்கிற மாதிரி செட் பண்ணிருக்கோம், கடலைத்தோல் லோடு எதுவா இருந்தாலும் சாம்பல எடுத்து லேப்ல பொட்டாசியம் பாத்துட்டுதான் இறக்கறோம். அந்த ராத்திரிக்கு அப்புறம் பெட்டு கட்டிப்போய் (கிளிங்கர்) ஒரு தடவை கூட நிக்கல.

பெட்டு காயில் ட்யூபு மட்டும் எனக்கு இன்னும் சந்தேகமா இருக்கு, கல்லு அரிக்கிறதால ட்யூப் வெளிப்பக்கம் பத்த வச்சிருக்கிற இரும்புக் குமிழ் (ஸ்டட்) தேஞ்சு தெரியுது. அடுத்த ஆனுவல் ஷட்டவுன்ல இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு முன்னாடி எல்லா ட்யூபுக்கும் தடிமன் அளக்கச் சொல்லிருக்கேன், அளவு வந்ததும் இதுக்கு கீழயே சேத்துப் போடறேன்.